சுண்டைக்காய் டிக்கெட்டும் சுமைகூலியும்

உக்காரு அப்பு. டிக்கெட் போட்டாச்சாமே? திருச்சியிலேர்ந்து கோலாலம்பூருக்கு ஐயாயிரத்துச் சொச்சந்தான்னு உங்கப்பன் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டான். சந்தோஷம். ஆனா அந்த ஐயாயிரத்துக்கு யாரு போறதுன்னு கேட்டியா? நீ போறே. உன் சட்டை போகலை. செருப்பு கால்ல கெடந்தா சும்மா போகும், பையில கெடந்தா எடைக்கு வரும். உங்கப்பத்தா ரெண்டு நாளா சுட்டு அடுக்குறாளே அதிரசம், அதுக்குச் சத்தியமா யாரும் டிக்கெட் போடலை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கள்ல. அதைச் சொன்னவன் பிளேன் ஏறுனதில்லை. ஏறியிருந்தா முக்கால் பணத்தோட நிறுத்தியிருக்க மாட்டான்.

நீ கண்ணை மூடிக்கிட்டு சம்மதம்னு தட்டிவிட்ட விதியெல்லாம் நான் கண்ணாடி போட்டு உக்காந்து படிச்சேன். எனக்கு வேற என்ன சோலி. ஏர் ஏசியாக்காரன் கைப்பைக்குன்னு குடுக்கறது 7 கிலோ. பை ரெண்டு கொண்டுபோகலாம். பெரிசு 56 சென்டிமீட்டர் உயரம், 36 அகலம், 23 கனம். சின்னது 40க்கு 30க்கு 10. ரெண்டுக்கும் சேத்துத்தான் அந்த 7. பை ரெண்டுன்னதும் பதினாலுன்னு பெருக்கிக்கிட்டுப் போற ஆளுக நம்ம ஊர்ல உண்டு, நீயும் அந்த வம்சந்தான். ஸ்கூட்டுல சிங்கப்பூர் போறவனுக்கு 10 கிலோ. இண்டிகோன்னா பைக்கு 7, அது போக லேப்டாப் பையோ பொம்பளையாளுக கைப்பையோ 3 கிலோ வரைக்கும். இதெல்லாம் அப்பப்ப மாத்துவானுங்க, அதனால கெளம்புறதுக்கு முந்தின நாளு இன்னொரு தரம் பாத்துக்க.

இதுல சூட்சுமம் எங்கே இருக்குன்னா, சோதனை ஒண்ணில்லை, ரெண்டு. ஒரு பக்கம் தராசு. இன்னொரு பக்கம் இரும்புல ஒரு கூடு செஞ்சு வச்சிருப்பான், பை அதுக்குள்ள இறங்கணும். உங்கப்பத்தா முறுக்கு தராசுல தப்பிச்சிடும், கூட்டுல மாட்டிக்கும். அதிரசம் கூட்டுல தப்பிச்சிடும், தராசுல மாட்டிக்கும். அவ பண்ற பலகாரத்துல ரெண்டுலயும் தேறுறது எதுன்னு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன். சீப்புச்சீடை கொஞ்சம் தேறும்போல. அதை அவகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் ரெண்டு படி மாவு இடிப்பா, சொல்லாதே.

நார்த்தங்காய் ஊறுகாய்க்கு மூணாவது சோதனை. 2006ல லண்டன்ல சில பேரு குடிக்கிற பாட்டில்ல வெடிமருந்தைக் கரைச்சு பிளேனுக்குள்ள கொண்டுபோகத் திட்டம் போட்டுப் பிடிபட்டாங்க. அதுலேர்ந்து வெளிநாட்டுப் பிளேன்ல கையில 100 மில்லிக்கு மேல எந்தத் தண்ணிச் சாமானும் கூடாது. நெய்யும் அதுல சேத்தி, ஊறுகாயும் சேத்தி. லண்டன்ல எவனோ செஞ்ச சதிக்கு நம்ம வீட்டு நார்த்தங்காய் இன்னைக்கு வரைக்கும் தண்டனை அனுபவிக்குது.

சரி, பெட்டிக்கு வருவோம். அந்தா சுவத்தோரம் நிக்கிதே நீலப்பெட்டி, நாலு சக்கரம் வச்சது, அதையா கொண்டுபோறே? காலையில நீ குளிக்கப் போனப்ப நான் அதை நெல்லு நிறுக்கிற தராசுல தூக்கி வச்சுப் பாத்தேன். வெறும் பெட்டி, உள்ள ஒண்ணுமில்லை, மூணு கிலோவுக்கு ஒட்டி நிக்கிது. ஏழுல மூணு போனா நாலு. அப்ப நீ கோலாலம்பூருக்குக் கொண்டுபோறதுல பாதிக்குக் கிட்ட வெறும் பிளாஸ்டிக்கும் சக்கரமும். உங்க அத்தை கிள்ளான்ல வாசல்ல நிண்ணு கேட்பா, ஊர்லேர்ந்து என்னடா கொண்டாந்தேன்னு. சக்கரம் கொண்டாந்தேன் அத்தைன்னு சொல்லு.

அந்தச் சக்கரத்துக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல பெர்னார்டு சேடோன்னு ஒருத்தர், பெட்டிக் கம்பெனிக்காரர். 1970ல குடும்பத்தோட விடுமுறைக்குப் போயிட்டுத் திரும்புறப்ப ஏர்போர்ட்ல ரெண்டு பெரிய பெட்டியைத் தூக்கமாட்டாம தூக்கிக்கிட்டு நிண்ணாரு. பக்கத்துல வேலையாளு ஒருத்தன் ஒரு பெரிய மெஷினை சக்கரம் வச்ச பலகையில வச்சு ஒரு கையால தள்ளிக்கிட்டுப் போறான். அப்பதான் இவருக்குப் பொறி தட்டுச்சு. 1972ல காப்புரிமை வாங்கினாரு. கடைக்காரங்க யாரும் முதல்ல சீந்தலை. ஆம்பளைன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும், உருட்டிட்டுப் போறது கேவலம்னு நெனைச்ச காலம் அது. அப்புறம் 1987ல ராபர்ட் பிளாத்துன்னு ஒரு பைலட்டு பெட்டியை நிமித்தி வச்சு, மேலே இழுத்து நீட்டுற கைப்பிடி போட்டாரு. இன்னைக்கு உலகமே அதைத்தான் இழுத்துக்கிட்டு ஓடுது. நிலவுல மனுசன் காலை வச்சது 1969ல. பெட்டிக்கு அடியில சக்கரம் வைக்கலாம்னு தோணுனது அதுக்கு அடுத்த வருசம். படிச்சவனுங்க புத்தி எப்பவும் உசரத்துலேர்ந்துதான் இறங்கி வரும்.

ஒண்ணு தெரிஞ்சுக்க. அந்தக் கூட்டுல அளக்கறப்ப சக்கரமும் கைப்பிடியும் சேத்தித்தான் அளப்பான். கடையில 55 சென்டிமீட்டர்னு சீட்டு ஒட்டி விக்கிற பெட்டியில பல பேரு சக்கரத்தை விட்டுட்டு அளந்திருப்பான். நீ டேப்பு எடுத்துத் தரையிலேர்ந்து அள.

என்னைக் கேட்டா துணிப்பை. ஜவுளிக்கடையில கல்யாணத்துக்குக் குடுத்தானே கட்டைப்பை, அது ரெண்டு இருக்கு பரண்ல. எடை அரைக் கிலோகூட வராது. அமுக்குனா அமுங்கும், கூட்டுக்குள்ள அதுபாட்டுக்கு இறங்கும். சர்க்காரே 2021 கடைசியில மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கம் நடத்துச்சு. நீ முறைக்கிறே, எனக்குத் தெரியுது. இன்ஜினியர் மஞ்சப்பையோட போனா ஏர்போர்ட்ல எவ பாப்பாங்கிற கவலை. சரி போ, முதுகுல மாட்டுற பையாவது எடு. அதுவும் அமுங்கும்.

எங்கப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி மலேயா போனவரு. அந்தக் கப்பல் 1926ல கட்டினது. ஏறுறவன் தகரப் பெட்டி, சாக்குமூட்டை, பாயி, செம்பு, அம்மிக்கல்லுன்னு குடும்பத்தையே பேத்துக்கிட்டுப் போவான். மேல்தட்டுல பாயை விரிச்சு, அவனவன் மூட்டையைத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டு நாள் கணக்கா போகணும். வாந்தி எடுத்தே பாதிப்பேரு இளைச்சிடுவானாம். 1973ல ரஜூலா நிண்ணுபோச்சு. பின்னாடி எம்.வி.சிதம்பரம்னு ஒண்ணு மெட்ராஸ்லேர்ந்து சிங்கப்பூருக்கு ஓடுச்சு, 1985ல தீப்பிடிச்சு அதோட அதுவும் சரி. இப்ப நாலு மணி நேரத்துல போயி இறங்கிடுறே, வாந்தி கெடையாது. அம்மிக்கல்லுதான் கெடையாது.

திருச்சிக்கு ஏர் ஏசியா வந்தது 2008 டிசம்பர்ல. அதோட முதலாளி டோனி பெர்னாண்டஸ் 2001ல அந்தக் கம்பெனியை என்ன விலைக்கு வாங்கினாருன்னு தெரியுமா? ஒரு ரிங்கிட்டு. ஆமாடா, ஒரே ஒரு ரிங்கிட்டு. கூடவே 4 கோடி ரிங்கிட்டு கடன். பாத்தியா, அவருக்கும் டிக்கெட்டு மலிவு, சுமைதான் கனம். படிச்ச பாடத்தைத்தான் நமக்கு நடத்துறாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

இந்தப் பைக்குக் காசுங்கிற வேலையைப் பெரிய கம்பெனிக்காரங்களும் செஞ்சாங்க. 2008ல எண்ணெய் விலை ஏறுச்சுன்னு அமெரிக்கன் ஏர்லைன்ஸ்காரன், பிளேன் வயித்துக்குள்ள போடுற முதல் பெட்டிக்கே 15 டாலர்னு வச்சான். மத்தவனும் பின்னாடியே வச்சான். ஜனம் என்ன முட்டாளா? எல்லாத்தையும் கையோட தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. தலைக்கு மேல இருக்கிற தட்டு நெரம்பிடுச்சு. மலிவுக் கம்பெனிக்குப் பிளேன் தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நட்டம். இறங்குறவன் இறங்கி, ஏறுறவன் ஏறி, 25 நிமிஷத்துல மறுபடி கெளம்பிடணும்கிறது அவன் கணக்கு. 180 பேரும் ஆளுக்கொரு பெட்டியை மேல திணிக்க முட்டி மோதுனா எங்கே கெளம்புறது? 2010ல ஸ்பிரிட்டுங்கிற கம்பெனி, மேல்தட்டுல வைக்கிறதுக்கும் காசுன்னு ஆரம்பிச்சான். கீழே போட்டாலும் காசு, மேல வச்சாலும் காசு. காலுக்கு நடுவுல வச்சுக்கிறது மட்டும் சும்மா. அந்த இடத்துல உன் காலு இருந்துச்சேன்னு கேக்காதே, அது உன் பாடு.

ஐரோப்பாவுல ரையன்ஏர்காரன் சும்மா விடுற பை ரொம்ப நாளா 40க்கு 25க்கு 20. புத்தகப்பைதான். 2025ல அதை 40க்கு 30க்கு 20னு அஞ்சு சென்டிமீட்டர் பெரிசாக்கினான். அடேயப்பா தர்மப்பிரபுன்னு நெனைச்சா, அதே வருசம் கேட்டுல பெரிய பையைப் பிடிச்சுக்குடுக்கிற வேலையாளுக்கு ஒரு பைக்கு ஒண்ணரை யூரோ இனாமா குடுத்துக்கிட்டிருந்ததை ரெண்டரை யூரோவா ஏத்திட்டான். ஒரு கையால அஞ்சு சென்டிமீட்டரைக் குடுத்துட்டு மறு கையால பொறியை இறுக்குறது எப்படின்னு நம்ம ஊர் வட்டிக்கடைக்காரன் அவங்கிட்டப் போய்ப் படிக்கணும்.

அங்கே கோர்ட்டு சும்மா இல்லை. நியாயமான அளவுல கையில கொண்டுபோற பைக்குத் தனியா காசு வாங்கக்கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2014லயே சொல்லுச்சு. நியாயமான அளவு எதுன்னு மட்டும் சொல்லலை. போதாதா? ஸ்பெயின் சர்க்கார் 2024 நவம்பர்ல அஞ்சு கம்பெனிக்குச் சேத்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, பைக்குக் காசு வாங்குறதையும் காரணமாச் சொல்லி. அவங்க வக்கீலை வச்சுக்கிட்டுச் சண்டை போடுறாங்க. சண்டைக்குக் காரணமான பையை விட அந்த வக்கீல் கட்டு கனமா இருக்கும்.

எனக்கு இதுல ஒரு கேள்வி இருந்துச்சு. நம்ம மேலத்தெரு பெரியசாமி இருக்கானே, உக்காந்தா ரெண்டு நாற்காலி. அவனுக்கும் டிக்கெட்டு ஒண்ணு, நோஞ்சான் உனக்கும் டிக்கெட்டு ஒண்ணு. உன் பையில 200 கிராம் கூடுனா தராசைக் காட்டுறவன் அவன் தொப்பையைத் தராசுல ஏத்தலையே, ஏன்? கேட்ட ஆளு ஒருத்தன் இருந்திருக்கான். சமோவான்னு ஒரு தீவு, அங்கே சமோவா ஏர்னு ஒரு கம்பெனி 2013ல ஆளையும் பையையும் சேத்து நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவுன்னு டிக்கெட் போட்டான். என் மனசுக்கு அதுதான் நியாயம். நியாயமா நடந்தவன் பொழைப்பானா? ரெண்டு வருசத்துல மூடிட்டான்.

ஆகையினால அப்பு, வயித்துக்கு எடையில்லைங்கிறதைப் பிடிச்சுக்க. அதிரசத்துல பாதியை இங்கேயே தின்னுடு. பிரியத்தைப் பையில கொண்டுபோனா 7 கிலோ, வயித்துல கொண்டுபோனா கேக்க ஆளில்லை. உங்கப்பத்தாவுக்கும் நீ முன்னாடி உக்காந்து திங்கிறதைப் பாக்குறதுலதான் திருப்தி. அத்தை கேட்டா, எல்லாம் கொண்டாந்திருக்கேன்னு வயித்தைத் தட்டிக் காட்டு.

உடுத்துறதுக்கும் எடையில்லை. 2019ல பிலிப்பைன்ஸ்ல ஒரு பொண்ணு, பை 9 கிலோ இருந்துச்சு, 7தான் விடுவேன்னாங்க. அது அங்கேயே பையைத் திறந்து ரெண்டரை கிலோ துணியை ஒண்ணுக்கு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு ஆறரைல கொண்டுவந்து வச்சுது. கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா அங்கே என்ன வெயிலோ, திருச்சி வெயில்ல மூணு பேன்ட்டும் நாலு சட்டையும் போட்டுக்கிட்டு நிண்ணியானா எமிகிரேசன்ல இறங்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இறங்குவே. கனமான ஜீன்ஸை மாட்டிக்க, ஷூவைக் கால்ல போட்டுக்க, சார்ஜரைச் சட்டைப் பையில வை. அது போதும். கழுத்துத் தலகாணிக்குள்ள பஞ்சை எடுத்துட்டுத் துணியை அடைக்கிறானுங்களாம் சிலபேரு. தலகாணி கனத்துல கழுத்து சாஞ்சு போறவனைப் பாத்தாலே கேட்டுல நிக்கிற பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

அந்தப் பொண்ணுகிட்ட வாய் குடுக்காதே. அது மாசச் சம்பளத்துக்கு நிக்கிது, விதியைப் போட்டது அது இல்லை. கெஞ்சவும் கெஞ்சாதே. நான் ஒரு தரம் பாத்தேன். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர், பெரிய மனுசர், ஊர்ல அவரு வந்தா எந்திரிச்சு நிப்பாங்க. கேட்டுல பையைப் பரப்பி, லுங்கி, பாக்குவெட்டி, கருவாட்டுப் பொட்டலம் எல்லாத்தையும் தரையில வச்சு, எதை விடுறது எதை எடுக்குறதுன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வரிசை மொத்தமும் வேடிக்கை பாக்குது. கடைசியில கேட்ட காசைக் கட்டினாரு. அங்கே அவன் கேக்குறதுதான் விலை, ஏன்னா பிளேன் நிக்கிது, நீ பேரம் பேச நேரமில்லை.

விலை எப்படி ஏறுதுன்னு சொல்றேன் கேளு. டிக்கெட் போடுறப்பவே 20 கிலோ வேணும்னு சேத்து வாங்கினா ஒரு விலை. அப்புறமா யோசிச்சு வாங்கினா கூட. ஏர்போர்ட் கவுன்டர்ல போய் வாங்கினா அதுக்கும் கூட. கேட்டு வாசல்ல மாட்டுனா எல்லாத்துக்கும் மேல. சாமான் ஒண்ணுதான், எடை ஒண்ணுதான். நீ எவ்வளவு தூரம் வந்து மாட்டிக்கிட்டேங்கிறதுக்குத்தான் காசு. ஆகவே இப்பவே, இந்தத் திண்ணையில உக்காந்தபடியே, போனை எடுத்து 20 கிலோவைச் சேத்துப் போடு.

போடமாட்டே. ஏன்னு எனக்குத் தெரியும். உங்கப்பன் ஐயாயிரம்னு ஊர் பூராச் சொல்லியாச்சு. இப்ப அது எட்டாயிரம் ஆச்சுன்னா அவன் மூஞ்சியை எங்கே வைப்பான்? டிக்கெட் விலையை மனுசன் கடைத்தெருவுல நிண்ணு சொல்லுவான். பைக்குக் கட்டின காசைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லமாட்டான். இந்தச் சொல்றதுக்கும் சொல்லாததுக்கும் நடுவுல இருக்கு பாரு, அந்த இடத்துலதான் கம்பெனிக்காரன் கல்லாப்பெட்டியை வச்சிருக்கான்.

இன்னொண்ணு, இது விளையாட்டில்லை. ஏர்போர்ட்டு வாசல்ல எவனாவது, தம்பி உங்க பை சின்னதா இருக்கு, இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்கே எங்க மாமாகிட்டக் குடுத்துடுங்கன்னு வருவான். திருச்சியில குருவி வேலை பாக்குறவனுக ரொம்ப வருசமா உண்டு, சேலையும் சாமானும் கொண்டுபோய்த் திரும்பி வர்றவனுக. அவனுக எடையில கில்லாடிக, பையைத் தூக்கினாலே கிராம் வரைக்கும் சொல்லுவானுக. ஆனா பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு தூக்கிப் பாத்துச் சொல்ல முடியாது. மலேசியாவுல போதைச் சாமானோட மாட்டினா தூக்குவரைக்கும் போகும். 100 கிராம்தானேன்னு வாங்காதே. பெத்த அப்பன் பொட்டலம் குடுத்தாலும் பிரிச்சுப் பாத்து வை.

சாமி காரியத்துக்காவது விடுவாங்களான்னா, அதுக்கும் உத்தரவு வேணும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசை, தீப்பிடிக்கும்னு சொல்லிப் பிளேனுக்குள்ள தேங்காயை விடறதில்லை. சபரிமலைக்குப் போற சாமிங்க இருமுடியை எங்கே வைக்கிறது? தலையில வச்சதைக் கீழே லக்கேஜ்ல தூக்கிப்போட மனசு வருமா? 2024ல சிவில் ஏவியேசன் பாதுகாப்பு ஆபீஸ்காரங்க இறங்கிவந்து, இருமுடித் தேங்காயை மட்டும் கையில கொண்டுபோகலாம்னு உத்தரவு போட்டாங்க. அதுவும் மகரவிளக்கு சீசன் முடியிற ஜனவரி 20 வரைக்குந்தான். ஐயப்பனுக்கே தேதி போட்டுத்தான் சலுகை. உங்கப்பத்தா அதிரசத்துக்கு எவன் உத்தரவு போடப்போறான்?

சரி, திரும்பி வர்றப்ப உள்ள கணக்குக்கு வருவோம். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உன்னை உக்கார வச்சேன். அங்கேயும் அதே 7 கிலோதான். உங்க அத்தை மைலோ டப்பா எடுத்து நீட்டுவா, ரெண்டு கிலோ. பிஸ்கட்டு டின்னு, சத்தம்தான் பெரிசு, கூட்டுல இறங்காது. உங்கப்பனுக்கு சட்டை எடுப்பா, அது இங்கேயே புதுக்கோட்டையில கெடைக்கும், வேண்டாம்னு சொல்லிடு.

கோடாலித் தைலம் வாங்கு. பெரிய பாட்டிலு 56 மில்லி, 100க்குள்ள வந்துடுச்சு, எவனும் தடுக்க முடியாது. நானே ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணு இல்லை, ஆறு. எல்லாப் பாட்டிலையும் ஒரு லிட்டர் அளவுக் கண்ணாடிக் கவருக்குள்ள போட்டு, ஜிப்பை இழுத்து, பையில மேலாப்புல வச்சுக்க, ஸ்கேன்ல எடுத்துக் காட்டச் சொல்லுவான். மூட்டுவலிக்குன்னு சொல்லு. உங்கப்பத்தா கேட்டா மூணுதான் வந்துச்சுன்னு சொல்லு. போ, போயி அந்த நீலப்பெட்டியைப் பரண்ல ஏத்திட்டு வா.